வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் மாற்றுவது எங்கே, எப்போது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர், மலேசியா, துபாய், தாய்லாந்து, இலங்கை என்று தமிழ்நாட்டிலிருந்து சுற்றிப் பார்க்கவோ பிள்ளைகளைப் பார்க்கவோ கிளம்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குகளில் வரும் ரேட் எல்லாம் பேச்சுக்குச் சொன்னவை, நீங்கள் படிக்கும் நாளில் வேறாக இருக்கும். இந்தியக் குடிமக்களாக இங்கேயே வசிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. என்ஆர்ஐகளுக்கு விதிகள் வேறு.

ரேட் இறங்கும் வரை காத்திருந்து மாற்றினால் லாபமா?

ஒரு வாரம், பத்து நாள் பயணத்துக்கு இதில் பெரிதாக எதுவும் கிடைக்காது. சிங்கப்பூர் வெள்ளி சந்தையில் 70 ரூபாய், உங்களுக்கு 1,000 வெள்ளி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் காத்திருந்து அது 69.50க்கு இறங்கினால் 500 ரூபாய் மிச்சம். 70.50க்கு ஏறிவிட்டால் 500 ரூபாய் நஷ்டம். அதே நாளில், ஊருக்குள் ஒரு நல்ல கடையில் 70.70க்குக் கிடைக்கிற வெள்ளியை விமான நிலையக் கவுன்டரில் 76க்கு வாங்கினால் போகிற பணம் 5,300 ரூபாய். எப்போது மாற்றுவது என்ற கவலையில் பாதியை எங்கே மாற்றுவது என்பதற்குக் கொடுத்தாலே போதும். தினமும் காலையில் ரேட் பார்த்துப் பார்த்து, இன்னும் இறங்கும் என்று தள்ளிப் போட்டு, கடைசியில் ஏர்போர்ட் கவுன்டரில் போய் நிற்கிறவர்கள் நிறையப் பேர்.

ரூபாய் தடாலென்று சரிந்த காலங்களும் உண்டுதான். 2013 மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர், ஆகஸ்ட் 28 அன்று 68.80ஐத் தொட்டது. அக்டோபரில் மறுபடி 61, 62 என்று திரும்பி வந்தது. மே மாதத்தில் வாங்கி வைக்காதவர்களும் வருத்தப்பட்டார்கள், ஆகஸ்ட் கடைசியில் பயந்து மொத்தமாக வாங்கியவர்களும் வருத்தப்பட்டார்கள். நீண்ட காலப் போக்கு மட்டும் ஓரளவு தெளிவு: 2022 அக்டோபரில் டாலர் 83ஐத் தாண்டியது, 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. அதனால் ரூபாய் வலுப்படும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தொகை பெரிதானால் கதை வேறு. மகளின் படிப்புக்கு 10,000 டாலர் அனுப்ப வேண்டும் என்றால் ஒரு ரூபாய் ஏற்ற இறக்கமே 10,000 ரூபாய். அப்போது ஒரே நாளில் வாங்காமல் இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து வாங்கினால், நல்ல ரேட் கிடைக்காவிட்டாலும் மோசமான ரேட்டில் மொத்தமாக மாட்டிக்கொள்ள மாட்டோம்.

சரி, எத்தனை நாள் முன்னதாக மாற்றலாம்?

கிளம்புவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு போதும். நாலு இடத்தில் ரேட் கேட்க நேரம் இருக்கும், கேட்ட கரன்சி கடையில் இல்லையென்றால் வரவழைத்துத் தரவும் நேரம் இருக்கும். ரொம்ப முன்னாலேயே வாங்கி வைக்க விதியும் இடம் கொடுக்காது: பயணம் 60 நாளுக்குள் இருந்தால்தான் அந்நியச் செலாவணி தருவார்கள். வாங்கிய பிறகு பயணம் ரத்தானால் வாங்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நாளும் நேரமும் கொஞ்சம் முக்கியம். வங்கிகளுக்கு இடையே ரூபாய் வர்த்தகம் நடப்பது திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 3.30 வரை. சந்தை மூடிய பிறகும் சனி, ஞாயிறிலும், திங்கள்கிழமை எப்படித் திறக்குமோ என்று கடைக்காரர்கள் தங்கள் பாதுகாப்புக்கு ஒரு அளவு ஏற்றி வைத்துத்தான் ரேட் சொல்வார்கள். வார நாளில் மதியத்துக்கு முன் போவது நல்லது.

கூகுளில் 70 என்று காட்டுகிறதே, கடையில் ஏன் 71 கேட்கிறார்கள்?

கூகுளில் தெரிவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள சந்தை விலை. அந்த விலைக்கு உங்களுக்கோ எனக்கோ யாரும் நோட்டு தர மாட்டார்கள். கடைக்காரர் நோட்டை வரவழைக்க வேண்டும், வைத்திருக்க வேண்டும், வாடகை கட்ட வேண்டும். அந்தச் செலவும் லாபமும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. டாலர், சிங்கப்பூர் வெள்ளி, திர்ஹம் போல நிறையப் புழங்கும் கரன்சியில் ஒரு சதவீதம் அளவுக்குக் கூடுதல் என்றால் நியாயமான ரேட். மூன்று சதவீதத்தைத் தாண்டினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

“கமிஷன் இல்லை” என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். கமிஷனை ரேட்டுக்குள் சேர்த்துவிட்டால் பலகையில் பூஜ்யம் என்று எழுதுவதில் யாருக்கும் சிரமம் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “எல்லாம் சேர்த்து, 1,000 வெள்ளி என் கைக்கு வர நான் எவ்வளவு ரூபாய் கட்டணும்?” அந்த ஒரு தொகையை நாலு இடத்தில் ஒப்பிட்டால் போதும்.

ஜிஎஸ்டி எல்லா இடத்திலும் உண்டு, ஆனால் பயப்படும் அளவு இல்லை. வழக்கமான முறையில் ஒரு லட்சம் வரை, மாற்றும் தொகையில் 1 சதவீதத்தை சேவையின் மதிப்பாக எடுத்து அதற்கு 18 சதவீதம் போடுவார்கள். அதாவது ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். குறைந்தபட்சம் 45 ரூபாய். இதற்கு மேல் “டாக்ஸ்” என்று பெரிய தொகை சொன்னால் பில்லில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

ஊரில் எங்கே மாற்றுவது? வங்கியா, மணி சேஞ்சரா?

நோட்டுக்கு மணி சேஞ்சர், கார்டுக்கு வங்கி என்று பொதுவாகச் சொல்லலாம். பெரும்பாலான வங்கிக் கிளைகளில் கையில் நோட்டே இருக்காது. விண்ணப்பம் கொடுத்து, வேறு கிளையிலிருந்து வரவழைத்து, இரண்டு மூன்று நாள் கழித்து வாருங்கள் என்பார்கள். ரேட்டும் சுமார்தான். பல வருடக் கணக்கு வைத்திருக்கிறோம், மேனேஜர் தெரிந்தவர் என்றால் பேசிக் குறைக்க வாய்ப்பு உண்டு.

சென்னையில் மண்ணடி, பாரிமுனை, எழும்பூர், தி.நகர், அண்ணா சாலை என்று அங்கங்கே கொத்தாகக் கடைகள் இருக்கின்றன. கொத்தாக இருக்கும் இடத்தில் போட்டி அதிகம், ரேட் நன்றாக இருக்கும். பளபளப்பான மாலில் ஒரே ஒரு கவுன்டர் இருந்தால் அதற்கு நேர்மாறு. திருச்சிக்கு ஒரு வசதி உண்டு. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நேராக வந்து இறங்குகிறவர்கள் வெள்ளியையும் ரிங்கிட்டையும் விற்றுவிட்டுப் போகிறார்கள், கிளம்புகிறவர்கள் அதையே வாங்குகிறார்கள். இரண்டு பக்கமும் ஆள் இருப்பதால் அந்த இரண்டு கரன்சியிலும் இடைவெளி குறைவாக இருக்கும். திருச்சிக்காரர்கள் சென்னை ரேட்டைக் கேட்டு ஏங்க வேண்டியதில்லை.

இணையத்தில் ரேட் பூட்டி, வீட்டுக்கே கொண்டுவந்து தரும் சேவைகளும் இருக்கின்றன. அவற்றின் ரேட்டைக் காட்டி உள்ளூர்க் கடையில் பேரம் பேசலாம். பேரமா என்று கூச்சப்பட வேண்டாம், இந்த வியாபாரத்தில் அது சகஜம். தொகை 1,000 டாலருக்கு மேல் என்றால் பலகையில் உள்ள ரேட் ஆரம்ப ரேட் மட்டும்தான்.

எங்கே மாற்றினாலும் ரிசர்வ் வங்கியின் உரிமம் இருக்க வேண்டும். கடையில் மாட்டியிருப்பார்கள். ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலும் பட்டியல் இருக்கிறது. பில் கட்டாயம் வாங்குங்கள்.

சிங்கப்பூரிலிருந்து அத்தை மகன் வந்திருக்கிறான். அவனிடமே வெள்ளி வாங்கிக்கொண்டு ரூபாய் கொடுத்துவிடலாமா?

வீட்டுக்கு வீடு நடப்பதுதான், ஆனால் சட்டப்படி கூடாது. அந்நியச் செலாவணியை விற்கவும் வாங்கவும் உரிமம் பெற்றவரிடம்தான் முடியும். வெளிநாட்டில் வசிக்கிறவர் இங்கே வந்திருக்கும்போது உங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம். விலைக்கு வாங்குவது வேறு. பில் இல்லாத கட்டு நோட்டோடு விமான நிலையச் சோதனையில் பதில் சொல்வது சங்கடம். பத்துப் பைசா குறைந்த ரேட்டுக்காக பர்மா பஜார் பக்கம் சாலையோரத்தில் கூப்பிடுகிறவர்களிடம் போவதும் அப்படியே. அங்கே கள்ள நோட்டு அபாயமும் சேர்ந்துகொள்கிறது.

என்னென்ன காகிதம் கேட்பார்கள்?

பாஸ்போர்ட், பான் கார்டு, விமான டிக்கெட், தேவைப்படும் நாடு என்றால் விசா. 50,000 ரூபாய்க்குக் குறைவான தொகைக்குத்தான் ரொக்கம் வாங்குவார்கள். அதற்கு மேல் வங்கிக் கணக்கிலிருந்து, அதுவும் பயணம் போகிறவரின் கணக்கிலிருந்து அனுப்பச் சொல்வார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் எல்லோருக்குமான பணத்தையும் ஒருவர் பெயரிலேயே வாங்காமல் பிரித்து வாங்கினால் வரம்புக் கணக்கில் சிக்கல் வராது.

எவ்வளவு நோட்டாகக் கொண்டுபோகலாம்?

ஒரு பயணத்துக்கு ஒருவருக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை. மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் கார்டு) ஏற்றிக்கொள்ளலாம். ஒரு நிதியாண்டுக்கான மொத்த வரம்பு 2,50,000 டாலர், அதைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் கவலைப்பட வேண்டியதில்லை. ஹஜ், உம்ரா யாத்திரைக்கு நோட்டு வரம்பில் தனிச் சலுகை உண்டு. நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் அந்நியச் செலாவணியே தர மாட்டார்கள், அங்கே இந்திய ரூபாய்தான்.

இந்திய ரூபாயைக் கொண்டுபோய் அங்கே மாற்றினால் என்ன?

ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் வெளியே கொண்டுபோகலாம், எனவே முழுப் பயணச் செலவுக்கும் இது ஆகாது. அந்தத் தொகைக்குள் பயனா என்றால் ஊரைப் பொறுத்தது.

சிங்கப்பூரில் பயன்தான். லிட்டில் இந்தியா பக்கம், முஸ்தபா சென்டரைச் சுற்றியுள்ள கடைகளில் ரூபாய் தாராளமாகப் புழங்குகிறது. ஊருக்குக் கிளம்புகிறவர்கள் ரூபாய் வாங்க வருகிற இடம் என்பதால் நீங்கள் கொடுக்கும் 500 ரூபாய்த் தாளுக்கு அங்கே தேவை இருக்கிறது. சில நாட்களில் நம் ஊர் ரேட்டுக்கு ஈடாகவே கிடைக்கும். கிளம்பும் முன் இங்குள்ள ரேட்டை எழுதி வைத்துக்கொண்டால் அங்கே ஒப்பிடலாம். பாங்காக்கில் ரூபாயை வாங்குவார்கள், ஆனால் டாலருக்குக் கொடுக்கும் மரியாதை ரூபாய்க்கு இருக்காது. ஐரோப்பாவில் ரூபாயை எடுத்து நீட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா போகிறேன். அந்தந்த ஊர்ப் பணத்தை இங்கேயே வாங்கலாமா?

இந்த மூன்று நாடுகளுக்கும் என் பதில் டாலர்தான். பாட்டையும் டோங்கையும் ருப்பியாவையும் இங்குள்ள கடைக்காரர் எப்போதோ ஒருமுறைதான் விற்பார். நோட்டு முடங்கிக் கிடக்கும் செலவையும் உங்கள் தலையில்தான் வைப்பார். இடைவெளி ஐந்து, ஏழு சதவீதம் என்று போய்விடும். ரூபாயை டாலராக்கி, டாலரை அங்கே பாட் ஆக்கினால் இரண்டு முறை மாற்றுகிறோமே, இரட்டை நஷ்டம் இல்லையா என்று கேட்பார்கள். இங்கே ஒரு சதவீதம், அங்கே அரை சதவீதம் என்றால் இரண்டும் சேர்ந்தாலும் ஒன்றரைதான். நேரடியாக ஒரே முறையில் ஆறு கொடுப்பதைவிட இது மேல். தாய்லாந்து பாட் மட்டும் இப்போது சென்னையில் நிறையப் போகிறது, சில கடைகளில் நல்ல ரேட்டே கிடைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாங்காக்கில் சூப்பர்ரிச் என்ற பெயரில் இயங்கும் கடைகள் ரேட்டுக்குப் பேர் போனவை. பச்சை பலகை, ஆரஞ்சு பலகை என்று வெவ்வேறு நிறுவனங்கள் அதே பெயரில் இருக்கின்றன, இரண்டுமே பரவாயில்லை. சுவர்ணபூமி விமான நிலையத்தில் வருகைத் தளத்தில் வரிசையாக உள்ள வங்கிக் கவுன்டர்களைத் தாண்டி, கீழே ரயில் நிலையம் இருக்கும் அடித்தளத்துக்கு இறங்கினால் அங்குள்ள கடைகளில் நகர ரேட்டுக்கு நெருக்கமாகக் கிடைக்கும். இரண்டு எஸ்கலேட்டர் இறங்கும் சோம்பலுக்கு நிறையப் பேர் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட் கேட்பார்கள், கையில் வைத்திருங்கள்.

வியட்நாமில் டோங் லட்சக்கணக்கில் வரும். 20,000 தாளும் 500,000 தாளும் இரண்டுமே நீல நிறம். டாக்ஸியில் இருட்டில் பணம் கொடுக்கும்போது மாறிப்போனால் 25 மடங்கு போய்விடும். இரண்டையும் தனித்தனி அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலித் தீவில் ஒரு எச்சரிக்கை. குட்டா பக்கம் சின்னச் சந்துகளில், துணிக்கடையின் ஓரத்தில், சந்தை விலையைவிடவே நல்ல ரேட் எழுதிய பலகை இருக்கும். சந்தையைவிட அதிகமாக யாராவது ஏன் தர வேண்டும்? கட்டு கட்டாகச் சின்ன நோட்டுகளைக் கொடுத்து, உங்கள் கண் முன்னால் எண்ணி, கடைசியில் ஒழுங்காக அடுக்கித் தருகிறேன் என்று கையில் வாங்கும்போது சில தாள்கள் மேசைக்குக் கீழே விழுந்துவிடும். உரிமம் பெற்ற, கண்ணாடிக் கவுன்டரும் கேமராவும் உள்ள கடைக்கே போங்கள். கடைசியாக எண்ணுகிறவர் நீங்களாக இருக்க வேண்டும். எண்ணிய பிறகு பணம் மறுபடி அவர் கைக்குப் போகக் கூடாது.

டாலர் நோட்டு எப்படி இருக்க வேண்டும்?

புதிதாக, மடிப்பில்லாமல், எழுத்தோ முத்திரையோ இல்லாமல். நம் ஊரில் நோட்டின் மேல் கணக்கு எழுதுகிற பழக்கம் அங்கே செல்லாது. பாங்காக், பாலி போன்ற இடங்களில் கொஞ்சம் கிழிந்தாலும் ரேட்டைக் குறைப்பார்கள் அல்லது வாங்கவே மாட்டார்கள். 100 டாலர் தாளில் 2013 அக்டோபரில் வெளிவந்த, நடுவில் நீலப் பட்டை உள்ள தாளையே கேட்டு வாங்குங்கள். பழைய தாள்களும் அமெரிக்காவில் செல்லும், ஆனால் ஆசியாவில் பல கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். தாய்லாந்தில் 100 டாலர் தாளுக்கு ஒரு ரேட், 20, 10 டாலருக்குக் குறைந்த ரேட். அதனால் மாற்றுவதற்குப் பெரிய தாள்களாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

துபாய், சவுதி பக்கம்?

இங்கே “எப்போது” என்ற கேள்வி பாதி காணாமல் போய்விடும். திர்ஹம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டி வைக்கப்பட்டது. சவுதி ரியால் 3.75. ரூபாய்க்கும் டாலருக்கும் உள்ள விலை தெரிந்தால் மற்றதை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். டாலர் 90 ரூபாய் என்றால் திர்ஹம் 24.50, ரியால் 24. கடைக்காரர் 25.80 சொன்னால் ஐந்து சதவீதத்துக்கு மேல் வைக்கிறார் என்று அங்கேயே தெரிந்துவிடும். ரியால் தேவை உம்ரா சீசனில் கூடும், அந்தச் சமயத்தில் கடைகளில் கையிருப்பு குறையலாம் என்பதால் யாத்திரை போகிறவர்கள் கொஞ்சம் முன்பாகவே சொல்லி வைப்பது நல்லது.

இலங்கைக்கு?

இலங்கை ரூபாயை இங்கே வாங்கிக்கொண்டு போகாதீர்கள். டாலர் கொண்டுபோய் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் மாற்றலாம். விமான நிலையக் கவுன்டர் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு: வருகைக் கூடத்தில் வங்கிகளின் கவுன்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, கொழும்பு நகர ரேட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் சொற்பம். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் திரும்பும்போது மிச்சத்தை மறுபடி மாற்றிக்கொள்ளலாம்.

நலிந்த கரன்சியை முன்னாலேயே வாங்கி வைப்பதில் உள்ள ஆபத்துக்கு இலங்கையே சாட்சி. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. பிப்ரவரியில் வாங்கி வைத்தவர் கையில் இருந்தது பாதி மதிப்பு சொச்சம்தான்.

நேபாளம்?

ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய், 1993 முதல் மாறாத கணக்கு. காத்திருக்க எதுவும் இல்லை. எந்த இந்தியத் தாளை வைத்திருக்கலாம் என்ற விதி மட்டும் மாறி மாறி வந்திருக்கிறது, போகும் முன் விசாரியுங்கள். 100 ரூபாய்த் தாள்கள் என்றைக்கும் பிரச்சினை இல்லை.

நோட்டு எதற்கு, கார்டே போதாதா?

செலவில் பெரும் பகுதிக்குப் போதும். எந்தக் கார்டு என்பதுதான் கேள்வி.

சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை மார்க்கப் (ரேட்டுக்கு மேல் வங்கி போடும் கூடுதல் கட்டணம்), அதன்மேல் ஜிஎஸ்டி. மார்க்கப் இல்லாத கார்டுகளும் இப்போது சில வங்கிகளில் கிடைக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறையாவது வெளிநாடு போகிறவர் அப்படி ஒன்று வைத்திருந்தால் இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகள் அவருக்குத் தேவைப்படாது. ஃபாரெக்ஸ் கார்டில் முன்கூட்டியே டாலரோ வெள்ளியோ ஏற்றிக்கொண்டால் அன்றைய ரேட்டிலேயே நிற்கும், ஆனால் ஏற்றிய கரன்சியில்தான் செலவழிக்க வேண்டும். சிங்கப்பூர் வெள்ளி ஏற்றிய கார்டை மலேசியாவின் ஜொகூரில் ரிங்கிட்டுக்குத் தேய்த்தால் குறுக்குக் கட்டணம் பிடிப்பார்கள். ஹோட்டல் டெபாசிட்டுக்கு ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுக்காதீர்கள், அவர்கள் நிறுத்தி வைத்த தொகை திரும்பி வர நாட்கள் ஆகும். அதற்கு கிரெடிட் கார்டு.

கிளம்பும் முன் வங்கியின் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்குங்கள். 2020 அக்டோபர் முதல் புதிய கார்டுகளில் அது அணைத்து வைத்தே வருகிறது. அங்கே போய்க் கார்டு வேலை செய்யவில்லை என்கிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

இன்னொன்று. கடையிலோ ஏடிஎம்மிலோ “இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர்ப் பணத்திலா?” என்று திரையில் வரும். ரூபாய் என்றதும் நமக்குப் புரிந்த பணமாயிற்றே என்று தோன்றும். எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்றும் ரேட்டை அந்த இயந்திரத்தின் பின்னால் உள்ளவர் தன் இஷ்டத்துக்கு வைப்பார். சில வங்கிகள் அதன்மேலும் ஒரு கட்டணம் போடும்.

ஏடிஎம்மில் எடுப்பதாக இருந்தால் சின்னச் சின்னதாக எடுக்காமல் ஒரே முறை எடுங்கள். தாய்லாந்தில் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் பிடிக்கிறார்கள், 1,000 பாட் எடுத்தாலும் அதே கட்டணம்தான்.

யுபிஐ வேலை செய்யுமா?

சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், நேபாளம், பூட்டான், பிரான்ஸ் ஆகிய நாடுகளில் சில கடைகளில் வேலை செய்யும். இலங்கையிலும் மொரிஷியஸிலும் 2024 பிப்ரவரியில் தொடங்கினார்கள். ஆப்பில் வெளிநாட்டு வசதியை இயக்க வேண்டும். எல்லாக் கடையிலும் ஓடும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம், கூடுதல் வசதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது ரொக்கம் எவ்வளவு வேண்டும்?

சிங்கப்பூரில் ஐந்து நாள், ஹோட்டல் முன்பே கட்டியாகிவிட்டது என்றால் ஒரு தம்பதிக்கு 200, 300 வெள்ளி நோட்டாக இருந்தால் தாராளம். சில ஹாக்கர் (மலிவுச் சாப்பாட்டு) கடைகளும் கோவில் உண்டியலும்தான் நோட்டைக் கேட்கும். பஸ்ஸும் எம்ஆர்டி மெட்ரோ ரயிலும் வங்கிக் கார்டைத் தட்டினாலே விடும், வெளிநாட்டுக் கார்டுக்கு நாளுக்கு ஒரு சிறு கட்டணம் சேரும். பாலி, வியட்நாம், இலங்கையின் சிற்றூர்களில் நோட்டுப் பங்கு கூட வேண்டும். இலங்கை தவிர எந்த நாடானாலும் இறங்கியதும் டாக்ஸிக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் அளவு சில்லறை நோட்டு முதல் நாளே கையில் இருந்தால், பசியும் தூக்கமுமாக அந்த ஊர் ஏர்போர்ட் கவுன்டரில் மாட்ட வேண்டாம்.

டிசிஎஸ் (பணம் மாற்றும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்களாமே?

ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி வாங்கினால்தான், அதுவும் அந்த வரம்பைத் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம். 2025 ஏப்ரலுக்கு முன் வரம்பு 7 லட்சமாக இருந்தது. பிடித்தது போனதாக அர்த்தம் இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். டூர் பேக்கேஜாக வாங்கினால் விதி வேறு, ஏஜென்டிடம் தனியாகக் கேளுங்கள்.

திரும்பி வந்தபின் மிச்சப் பணம்?

2,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை வந்து 180 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். டாலர், வெள்ளி, திர்ஹம் என்றால் வைத்துக்கொள்வதே நல்லது, விற்றால் மறுபடி ஒரு இடைவெளியில் காசு போகும். டோங், ருப்பியா, இலங்கை ரூபாயை அந்த நாட்டிலேயே தீர்த்துவிடுங்கள். இங்கே வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். நாணயத்தை எந்த மணி சேஞ்சரும் வாங்க மாட்டார், கடைசி நாள் காப்பிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் முதலில் காசுகளைக் கொடுங்கள்.

அண்ணன் பத்து வருடம் முன்பு லண்டனிலிருந்து கொண்டுவந்த பவுண்ட் நோட்டுகள் வீட்டில் இருக்கின்றன. செல்லுமா?

எடுத்துப் பாருங்கள். காகிதத் தாளாக இருந்தால் கடையில் செல்லாது. 5 பவுண்ட் காகிதத் தாள் 2017 மே மாதத்திலும், 10 பவுண்ட் 2018 மார்ச்சிலும், 20, 50 பவுண்ட் 2022 செப்டம்பர் 30 உடனும் புழக்கத்திலிருந்து போய்விட்டன. இப்போது எல்லாம் பிளாஸ்டிக் தாள். பழையதை பேங்க் ஆஃப் இங்கிலாந்து இன்றும் மாற்றித் தருகிறது, லண்டனில் அதன் கவுன்டருக்குப் போகலாம், தபாலிலும் அனுப்பலாம். சென்னையில் யாராவது பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றால் கொடுக்காதீர்கள். லண்டன் போகிற உறவினர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுத்து அனுப்புவதே வழி.